செல்வி வீட்டு வைஃபை ஊர் சுற்றிய கதை

ஆவுடைச்செல்வி வீட்டு வைஃபை முதன்முதலாக எழுந்து வெளியே போனது ஆனி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு. பாளையங்கோட்டையில் நாலு வீடும் ஒரு கேட்டும் ஒரு அடிபம்பும் உள்ள அந்தக் காம்பவுண்டில் அதுவரை யாரும் எதுவும் சொல்லாமல் வெளியே போனது கிடையாது. மனுஷர்கள் போனால் நாலு வாசலிலும் நின்று எங்கே, எதற்கு, எப்போது வருவோம் என்று ஒப்பித்துவிட்டுத்தான் போவார்கள், கோழி போனால் யாராவது பார்த்து வந்து சொல்வார்கள், காய்கிற துணி பறந்து போனால்கூட எந்தத் திசையில் பறந்தது என்று சாட்சி இருக்கும். வைஃபை போனதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்த்தது லேப்டாப் ஒன்றுதான், அது திரை மூலையில் வைஃபைக்கு அடையாளமாக இருந்த விசிறிப் படத்தைச் சாம்பல் நிறமாக்கிவிட்டு நமக்கென்ன என்று இருந்துவிட்டது.

செல்விக்கு அந்தப் படம் சாம்பலானால் வேலை நின்றது என்று அர்த்தம். அவளுக்கு முப்பத்து நாலு வயது. கணவன் இசக்கிராஜ் போர்வெல் லாரியோடு ஒடிசாப் பக்கம் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தான். நாலு மாதத்துக்கு ஒருமுறை செம்மண் படிந்த சட்டையோடு வந்து பத்து நாள் தூங்கிவிட்டுத் திரும்பிப் போவான். மகள் தர்ஷினி இரண்டாம் வகுப்பு. படித்த படிப்புக்கு ஒரு வேலை, அதுவும் வீட்டிலிருந்தே செய்கிற வேலை, பதினோரு வருஷம் கழித்து ஆறு வாரத்துக்கு முன்னால்தான் அவளுக்குக் கிடைத்திருந்தது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியைப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல, இவள் இங்கே காதில் மாட்டிக்கொண்டு அப்போதைக்கப்போதே டைப் அடிக்க வேண்டும். லைன் அறுந்தால் டாக்டர் சொன்னது காற்றோடு போய்விடும். இரண்டு மாதச் சோதனைக் காலம் முடிகிறவரை கம்பெனி மூன்று கட்டளை போட்டிருந்தது: வைஃபையை வேறு யாரோடும் பங்கு போடக் கூடாது, எப்போதும் திறந்திருக்கும் மைக்கில் வேறு குரல் கேட்கக் கூடாது, கேமராவில் அவளுக்குப் பின்னால் அதே வெள்ளைச் சுவர்தான் தெரிய வேண்டும்.

சொல்வதற்கு மூன்று வரிதான், ஆனால் அந்தக் காம்பவுண்டைப் பொறுத்தவரை அது மூன்று மதில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செல்வி வீட்டில் வைஃபை வந்தபோது அந்தப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, எதிர்வீட்டு மைதீன் பாத்து சீனி கொண்டுவந்து எல்லார் வாயிலும் போட்டு, மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற பரமசிவம் அண்ணாச்சி எர்த்து சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, அன்றைக்கே பாஸ்வேர்டும் நாலு வீட்டுக்கும் போய்விட்டது. தையல் தைக்கிற ஜெபக்கனி அதைத் தன் வேத வசனக் காலண்டரின் ஓரத்தில் எழுதிவைத்தாள், அண்ணாச்சி டைரியில் எழுதினார், பாத்து எதிலும் எழுதாமல் மனப்பாடம் செய்தாள். வேலை கிடைத்த மறுநாள் செல்வி அதை மாற்றினாள். மாற்றியதைச் சொல்ல அவளுக்கு வெட்கம், கேட்பதற்கு அவர்களுக்கு வெட்கம். ஜெபக்கனி தன் போன் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள், அண்ணாச்சி எர்த்து போய்விட்டது என்று முடிவுகட்டினார், பாத்துவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது, அவள் போய் ரீசார்ஜ் செய்துகொண்டாள். பகல் முழுக்கத் திரைச்சீலை மட்டும் ஆடிக்கொண்டிருந்த செல்வி வீட்டு வாசலில் காலை ஒன்பது மணிக்குப் பலகைக் கதவு மூடிக்கொண்டு, சாயங்காலம் ஐந்துக்குத் திறந்தது.

அப்படி ஒரு மாதமும் சொச்சமும் போன பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. செல்வி எல்லாரும் செய்கிறதைச் செய்தாள். பெட்டியை அணைத்து முப்பது எண்ணிப் போட்டாள், லேப்டாப்பை அணைத்துப் போட்டாள், நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி மறுபடி ஞாபகப்படுத்தினாள், மெட்ராஸிலிருந்து கம்பெனிக்காரர் போனில் சொல்லச் சொல்லக் கறுப்புத் திரையில் என்னென்னவோ தட்டினாள், பெட்டியை பீரோ மேல் ஏற்றினாள், பீரோவிலிருந்து ஜன்னலுக்கு இறக்கினாள், ஜன்னலில் இருந்த தொட்டாற்சிணுங்கிச் செடியைச் சந்தேகப்பட்டு வெளியே வைத்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத் தானாக வந்தது. மறுநாளும் அதே பத்து பத்துக்குப் போய், அதற்கு மறுநாளும் போய், நாலாம் நாள் நெட் கம்பெனியிலிருந்து சிவலிங்கம் என்கிற டெக்னீசியன் ஏணியோடு வந்து சேர்ந்தார்.

சிவலிங்கம் லைனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார், செல்வி கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

"லைன் நல்லாருக்கு. பெட்டி நல்லாருக்கு. லேப்டாப்பும் நல்லாருக்கு. வைஃபைதாம்மா வீட்ல இல்ல."

"இல்லன்னா?"

"வெளிய போயிருக்கு. பெருமாள்புரத்துல ஒரு வீட்ல இப்பிடித்தான், வியாழக்கெழமையானா கெளம்பிரும். அவிய பழகிட்டாவ."

"எங்க போவும்? எப்ப வரும்?"

"அதெல்லாம் நாம கேக்க முடியுமா?" என்று சிவலிங்கம் சொல்லி, தாளில் 'பழுது இல்லை' என்ற இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏணியைத் தோளில் மாட்டினார்.

அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், கதவு தட்டப்பட்டது. கைமுழுக்க வெங்காயத் தோலோடு மைதீன் பாத்து நின்றாள்.

"ஏட்டி செல்வி, வேலையா இருக்கியா? ஒன் வைஃபை எங்க அடுப்பங்கரையில வந்து உக்காந்துருக்கு. நீ தேடுவியேன்னு சொல்ல வந்தேன்."

"என்னக்கா சொல்லுதிய?"

"வந்து பாரேன். ஏனமெல்லாம் பாடிக்கிட்டு கெடக்கு."

செல்வி போய்ப் பார்த்தாள். பாத்துவின் அடுப்பங்கரையில் தட்டும் குடமும் தேக்சாவும் டம்ளரும், கவிழ்த்துவைத்ததும் நிமிர்த்திவைத்ததுமாக எல்லா எவர்சில்வரும், தாய்மார் பிள்ளையைத் தட்டிக்கொண்டே வாய் திறக்காமல் பாடுவார்களே அந்தச் சத்தத்தில் ம்ம்ம் என்று இரைந்துகொண்டிருந்தன. பாத்துவின் போனில் பாஸ்வேர்டு எதுவும் கேட்காமலே விசிறிப் படம் நிறைந்து நின்றது. விருந்தாடியாக வந்த ஒன்று வந்த வீட்டில் போய்ப் பாஸ்வேர்டா கேட்கும்? செல்வி ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்துவந்து சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து விட்ட வேலையைத் தொடர்ந்தாள். மெட்ராஸில் அவளுடைய மேலதிகாரி நிவேதிதா மேடம் கேமராவில் பார்த்தபோது வெள்ளைச் சுவருக்குப் பதிலாக மல்லிப்பொடி டப்பாவும் மிளகாய்ப்பொடி டப்பாவும் வரிசையாகத் தெரிந்தன. முதல் எச்சரிக்கை அன்றைக்கு வந்தது.

அடுத்த பத்து நாளில் காம்பவுண்டு தன் போக்கில் அதைப் பழகிக்கொண்டது. வைஃபை பத்து பத்துக்குப் பாத்து வீட்டுக்கு வரும், அங்கே பரோட்டா மாஸ்டரான அவள் வீட்டுக்காரர் சாகுல் ஹமீது இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதால் பாத்து பாத்திரங்களுக்கு அடியில் துண்டு விரித்து இரைச்சலைக் குறைத்தாள். பதினொன்றுக்கு ஜெபக்கனி வீட்டுக்குப் போகும், அங்கே தையல் மிஷினுக்கு எதிரே அதற்கென்று ஒரு முக்காலி போடப்பட்டது, அளவு கொடுக்க வந்த பெண்கள் அதில் உட்காரப் போனால் ஜெபக்கனி "அதுல ஆளிருக்கு" என்று சொல்லிப் பாயைக் காட்டினாள். பன்னிரண்டுக்கு அண்ணாச்சி வீட்டுக்குப் போகும், அவர் மனைவி சொர்ணம் அது வருகிற நேரம் பார்த்து வாசல் தெளித்துவைத்தாள், அண்ணாச்சியோ டைரியைத் திறந்து, வந்த நேரம் பன்னிரண்டு ஐந்து, போன நேரம் ஒன்று இருபது, முகம் கொஞ்சம் வாட்டம் என்று ஆபீஸ் வழக்கப்படி எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார். இஸ்திரிக்காரர் கேட்டில் நின்று இன்றைக்கு எந்த வீட்டில் என்று விசாரித்துவிட்டுப் போனார். பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அம்மாள் மகனுடைய பரீட்சை முடிவைப் பார்க்க வேண்டும், சனிக்கிழமை எங்கள் வீட்டுப் பக்கம் அனுப்ப முடியுமா என்று வெற்றிலை பாக்கோடு வந்து கேட்டாள். அது எதனால் நடக்கிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வருகிறது, இருக்கிறது, போகிறது, அவ்வளவுதானே என்றார்கள்.

செல்விக்குத்தான் அவ்வளவுதானே என்று விட முடியவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போனதில், ஜெபக்கனி வீட்டுத் தையல் மிஷின் சத்தத்தில் இரண்டாவது எச்சரிக்கையும், அண்ணாச்சி டாக்டருக்கே கேட்கும்படி தும்மியதில் மூன்றாவது எச்சரிக்கையும் வந்து சேர்ந்தன. பிறகு நிவேதிதா மேடம் போனில் கூப்பிட்டார், கத்தவெல்லாம் இல்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"வர்ற வியாழக்கிழமை பத்திலேர்ந்து ஒண்ணு வரைக்கும் உங்களுக்கு ஃபைனல் டெஸ்ட், செல்வி. மூணு மணி நேரம். லைன் ஒரு தடவை கட் ஆனாலோ, வேற குரல் கேட்டாலோ, நீங்க அதுக்கடுத்த திங்கட்கிழமை சென்னை ஆபீஸுக்கு வந்துதான் வேலை பார்க்கணும். என் கையில இல்ல."

சென்னைக்கு. ஏழு வயதுப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது, கூட்டிக்கொண்டு போனால் அங்கே யார் பார்ப்பது, போகாவிட்டால் இந்த வேலையை விட்டுவிட்டு இன்னும் பதினோரு வருஷம் காத்திருப்பதா? தர்ஷினி எப்படியோ அதை மோப்பம் பிடித்துவிட்டாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து அம்மாவின் சூட்கேஸ் இருக்கிறதா என்று பார்ப்பாள், இருந்தால் போய்க் கை கால் கழுவுவாள். அதைப் பார்த்த நாளில் செல்வி அடிபம்புப் பக்கம் வந்து எல்லார் முன்னாலும் அழுதாள்.

காம்பவுண்டு கூடிப் பேசியது. பரமசிவம் அண்ணாச்சி முப்பத்தொரு வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியவர், எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான் உண்டு, எங்கே கசிகிறதோ அங்கே அடைப்பது.

"நம்ம மூணு வீட்டுக் கதவையும் சாத்திருவோம். போறதுக்கு எடம் இருந்தாத்தான போவும்? திங்கக்கெழம ஒரு நாளு சோதிச்சுப் பாத்துருவோம்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் காம்பவுண்டில் சாவு விழுந்த நாளில்கூடச் சாத்தாத மூன்று கதவுகளும் சாத்தப்பட்டன. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சொர்ணம் பிறகு சொன்னாள்: பத்து பத்துக்கு அது பாத்து வீட்டு வாசலில் போய் நின்றது, வாசலில் கவிழ்த்திருந்த வாளி கொஞ்சம் இரைந்து ஓய்ந்தது, அடுத்து ஜெபக்கனி வாசலில் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற கிண்ணம் இரைந்து ஓய்ந்தது, எங்கள் வாசலில் பால் செம்பு கொஞ்ச நேரம் கூடுதலாகவே இரைந்தது, நான் தொறந்துரலாமான்னு பாத்தேன், இவுகதான் கையப் புடிச்சிட்டாவ, பெறவு கேட்டோட கொண்டி ஒரு தடவ ஆடிச்சு, அவ்ளோதான். வழக்கமாகத் திரும்புகிற நேரத்துக்கு அது திரும்பவில்லை, நாலு மணிக்கும் இல்லை, ஐந்து மணிக்கும் இல்லை. நாலு வீட்டுப் பாத்திரங்களும் வெறும் பாத்திரங்களாகக் கிடந்தன. அது இவ்வளவு நாளும் எவ்வளவு மெல்ல இரைந்தாலும் இரைந்துகொண்டேதான் இருந்தது என்பது அந்த அமைதியில்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

அண்ணாச்சிக்கு முகத்தில் ஈயாடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தேடப் போனார், ஜெபக்கனி கோர்ட்டுப் பக்கம் போனாள், செல்வி மார்க்கெட்டுக்குப் போனாள். மார்க்கெட்டில் அவள் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தெற்குப் பக்கத்தில் இருந்த பாத்திரக்கடையின் சத்தம் பழக்கடை வரைக்கும் கேட்டது. அண்டாவும் குண்டாவும் கொப்பரையும், கயிற்றில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய கரண்டிகளும் சேர்ந்து இரைந்துகொண்டிருக்க, கடைக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

"ஒங்களுதா? காலையிலேர்ந்து உக்காந்துருக்கு. பாவம், கூட்டிட்டுப் போங்க," என்றார்.

எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று செல்விக்குத் தெரியவில்லை. கையைப் பிடிக்க அதற்குக் கை இல்லை. அவள் அந்தப் பாத்திரங்களுக்கு நடுவில் நின்றாள், கண்ணெதிரே வரிசையாகத் தூக்குவாளிகள் தொங்கின, அதில் ஒன்று பாத்து வீட்டுத் தூக்குவாளி மாதிரியே நீல மூடி போட்டு இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் பாத்து நெய்ச்சோறு கொடுத்தனுப்பிய தூக்குவாளியை அவள் கழுவித் துடைத்து, டாக்டர் லைனில் காத்திருக்கிற அவசரத்தில், பாத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். வெறும் வாளியாக. அந்தக் காம்பவுண்டில் ஒரு வீட்டு ஏனம் இன்னொரு வீட்டிலிருந்து வெறுமையாகத் திரும்பிப் போனதே கிடையாது. கொடுக்க எதுவும் இல்லாத நாளில்கூட ஒரு கை அரிசி, நாலு கறிவேப்பிலை ஈர்க்கு, அதுவும் இல்லாவிட்டால் அடியில் கொஞ்சம் சீனியாவது இருக்கும். கொடுத்து வாங்கல் முடிந்துவிட்டது, இனி வேண்டாம் என்பவர்கள்தான் வெறும் ஏனத்தைத் திருப்புவார்கள். செல்வி அப்படி நினைத்து வைக்கவில்லை. ஆனால் அப்படித்தான் வைத்திருந்தாள். பாத்து அதை எடுத்துப் பார்த்திருப்பாள், மூடியைத் திறந்திருப்பாள், மறுபடி மூடியிருப்பாள். அதை நினைக்க நினைக்கச் செல்விக்கு அந்தக் கடையிலேயே அவமானத்தில் காது சுட்டது.

அவள் கடையை விட்டு வெளியே வந்தாள். பக்கத்துக் கடையில் அரைப்படி அவல் வாங்கினாள், வெல்லம் வாங்கினாள், வாழைப்பழம் வாங்கினாள், வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள். அவள் நாலு கடை தாண்டியதும் பின்னால் பாத்திரக்கடை ஓய்ந்தது. வழியில் பூக்காரியின் சொம்பு இரைந்தது, டீக்கடை டம்ளர்கள் இரைந்தன, வடை சட்டி இரைந்தது, செல்வி திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போய் வெல்லமும் அவலும் பழமும் கொஞ்சம் தேங்காயும் பிசைந்து, தன் வீட்டிலேயே பெரிய சட்டியாக எடுத்து அதில் நிரப்பிக்கொண்டு பாத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, அன்னைக்கு ஒங்க வாளிய வெறுசா வச்சிட்டேன்."

பாத்து சட்டியை வாங்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பத்தான் ஞாவகம் வந்துச்சாக்கும்? நான் ரெண்டு நாளு சோறு திங்கல தெரியுமாட்டி? எங்க வீட்டுக்காரரு சொன்னாவ, அவளுக்கு வேலத் தொந்தரவுன்னு. நான் நம்பல."

"பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்கா. கம்பெனில சொன்னாங்க. ஒங்கட்டச் சொல்ல எனக்கு மொகம் இல்ல."

"சொல்லியிருந்தா ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்ருப்பேன். சொல்லாததுதான் பெரிசு." சொல்லிக்கொண்டே பாத்து ஒரு வாய் அவலை எடுத்துப் போட்டுக்கொண்டாள், தேங்காய் பத்தவில்லை என்றாள், இன்னொரு வாய் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அடுப்பங்கரை இரைய ஆரம்பித்தது. பாத்து அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அது எங்க வீட்டுக்குச் செவுத்தப் பாக்கவா வருது? எங்களப் பாக்கத்தான வருது. நாங்க எல்லாரும் வியாழக்கெழம ஒன் வீட்ல வந்து உக்காந்துட்டா அது எங்க போவும்?"

"மைக்கு தொறந்துருக்குமே அக்கா. ஒரு சத்தம் கேக்கக் கூடாதே. நீங்க எல்லாரும் மூணு மணி நேரம் பேசாம இருப்பியளா?"

பாத்து அவல் சட்டியைத் தூக்கிக்கொண்டு மற்ற இரண்டு வீட்டிலும் அதைக் கேட்கப் போனாள்.

வியாழக்கிழமை தர்ஷினியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, செல்வி வெள்ளைச் சுவருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டாள். ஒன்பதே முக்காலுக்கு அண்ணாச்சியும் சொர்ணமும் வந்தார்கள், ஜெபக்கனி வந்தாள், பாத்து தூக்கக் கலக்கத்தில் இருந்த சாகுல் ஹமீதைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கேமராவுக்குத் தெரியாத எதிர்ப்பக்கத்தில் பாய் விரித்து ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி தும்மலுக்கு முன்னேற்பாடாக மூக்கில் துணி கட்டியிருந்தார். கோழிகளைக்கூட ஜெபக்கனி கூடையால் கவிழ்த்து மூடிவிட்டு வந்திருந்தாள். பத்துக்கு டாக்டர் லைனில் வந்தார், மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தார், செல்வியின் விரல்கள் ஓடத் தொடங்கின.

பத்து பத்து ஆனது. எல்லாரும் செல்வியின் அடுப்பங்கரையைப் பார்த்தார்கள். துண்டு விரித்து அடுக்கியிருந்த பாத்திரங்களின் இரைச்சல் ஒரு கணம் நின்றது, நின்று என்ன செய்வது என்று யோசித்த மாதிரி இருந்தது, பிறகு அடுப்பங்கரையை விட்டு ஹாலுக்கு வந்து, பாத்துவின் மடியருகே இருந்த தண்ணீர்ச் செம்பில் ம்ம்ம் என்று உட்கார்ந்தது. லேப்டாப்பில் விசிறி நிறைந்தே நின்றது.

மூன்று மணி நேரம் என்றால் என்னவென்று அந்தக் காம்பவுண்டுக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து ஒரே மூச்சில் பத்து நிமிடம் சும்மா இருந்தறியாத பாத்து, சொல்ல வந்ததையெல்லாம் கையால் ஜெபக்கனிக்குச் சொன்னாள், ஜெபக்கனி தப்பாகப் புரிந்துகொண்டு கையாலேயே சண்டைக்குப் போனாள், சொர்ணம் இருவர் கைகளையும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சாகுல் ஹமீது உட்கார்ந்தபடியே தூங்கிப்போய்க் குறட்டைக்கு வாய் திறந்தார், அண்ணாச்சி தன் மூக்குத் துணியை அவிழ்த்து அவர் வாயைக் கட்டினார். டாக்டர் ஒரு நோயாளிக்கு உப்பைக் குறைக்கச் சொன்னது ஹெட்போனைத் தாண்டிக் காதில் விழுந்தபோது, சொர்ணம் தனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினாள். செல்வி ஒருமுறைகூட இவர்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் ஒன்று சிரித்துவிடுவாள், இல்லாவிட்டால் அழுதுவிடுவாள்.

பதினொன்றே முக்காலுக்குத் தெருவில் பீப்பி சத்தம் கேட்டது. எல்லாருக்கும் உயிர் போயிற்று. வியாழக்கிழமை மீன் கொண்டுவருகிற அந்தோணிப்பிச்சையை மறந்துவிட்டிருந்தார்கள். கேட்டுக்குள் மொபெட்டோடு வந்து சாளை, சாளை என்று அவர் போடுகிற சத்தம் டாக்டருக்கு என்ன, டாக்டர் பார்க்கிற நோயாளிக்கே கேட்கும். ஜெபக்கனி எழுந்து வெளியே ஓடினாள். வைஃபை ஜெபக்கனி வீட்டில் இருக்கிற நேரம் அது, அவள் வாசல் தாண்டியதும் பின்னாலேயே போய்விட்டது, செம்பு ஓய்ந்தது. லேப்டாப்பில் விசிறி மூன்று கோடாகியது, இரண்டாகியது, ஒன்றாகியது, டாக்டரின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி அமுங்கியது, செல்வி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள், பாத்து இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். ஜெபக்கனி கேட்டருகே நின்று அந்தோணிப்பிச்சையின் வாயைத் தன் கையால் பொத்தி, மற்றக் கையால் அவரை மீன் கூடையோடு இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே செம்பு மறுபடி இரைந்தது. விசிறி நிறைந்தது. என்ன ஏதென்று தெரியாமல் அந்தோணிப்பிச்சை எல்லார் முகத்தையும் பார்த்தார், எல்லாரும் வாயில் விரல் வைத்துக் காட்டினார்கள், ஏதோ ஜெபக்கூட்டம் என்று நினைத்து அவரும் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கூடையோடு பாயில் உட்கார்ந்தார். மீதி ஒன்றேகால் மணி நேரமும் அந்த அறையில் மீன் வாசத்தையும் டைப் சத்தத்தையும் தவிர வேறெதுவும் இல்லை.

ஒரு மணிக்கு டாக்டர் போனார். நிவேதிதா மேடத்தின் முகம் திரையில் வந்தது, அவர் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார், பாயில் இருந்த ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"லைன் ஒரு தடவைகூட கட் ஆகல, செல்வி. நடுவுல கொஞ்சம் டல் ஆச்சு, அது கணக்குல இல்ல. வேற குரலும் இல்ல. நீங்க கன்ஃபர்ம் ஆயிட்டீங்க, கங்கிராட்ஸ்." பிறகு அவர் கொஞ்சம் இளகிய குரலில், "இனி சுவர் எல்லாம் பார்க்க மாட்டோம். மைக்கையும் பேசும்போது மட்டும் போட்டா போதும். லைன் எங்க நல்லா கிடைக்குதோ அங்க உக்காந்து வேலை பாருங்க," என்றார்.

திரை அணைந்தது. செல்வி லேப்டாப்பை மூடினாள், ஹெட்போனைக் கழற்றினாள், திரும்பினாள். ஆறு பேரும் இன்னும் வாயைத் திறக்கவில்லை, எது மைக், எது மூடியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"முடிஞ்சிட்டு. பேசுங்க," என்றாள் செல்வி, சொன்னதும் அழுதுவிட்டாள்.

ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாத்து ஜெபக்கனியைப் பார்த்து நான் கையில சொன்னது ஒனக்கு அப்பிடியா வெளங்குச்சு என்று ஆரம்பித்தாள், அண்ணாச்சி மூன்று மணி நேரமாகச் சேர்த்துவைத்திருந்த தும்மல்கள் அத்தனையையும் தும்மினார், சாகுல் ஹமீது விழித்துப் பார்த்து என் வாயை யார் கட்டினது என்றார், அந்தோணிப்பிச்சை இது எந்தச் சபை என்று கேட்டார், யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை, யாருக்கும் பதில் வேண்டியிருக்கவும் இல்லை. செல்விக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. இரண்டு மாதமாகப் பகலில் அந்த வீட்டில் காதில் மாட்டிய குரல்களைத் தவிர வேறு குரல் கேட்டதில்லை என்பதும், அதற்காக அவள் எவ்வளவு ஏங்கியிருக்கிறாள் என்பதும் அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. வெயிலில் திரும்பிப் போக விடாமல் அந்தோணிப்பிச்சையின் சாளை முழுவதையும் வாங்கி, செல்வியின் அடுப்பிலேயே ஜெபக்கனி குழம்பு வைத்தாள், பாத்து பொரித்தாள், மீன் சாப்பிடாத சொர்ணம் வீட்டிலிருந்து ரசமும் அப்பளமும் கொண்டுவந்தாள். மறுநாளிலிருந்து பத்து பத்துக்கு வைஃபை எழுந்தால் செல்வியும் லேப்டாப்போடு எழுந்து கூடவே போவது என்று சாப்பாட்டுக்கு நடுவில் பேசி முடிவானது. அன்றைக்கு மட்டும் அது எங்கேயும் போகவில்லை, யாரும் போகாத வீட்டிலிருந்து அது ஏன் போகப்போகிறது?

நாலு மணிக்குத் தர்ஷினி வந்தாள். வாசல் நிறையச் செருப்பைப் பார்த்துப் பயந்து நின்றுவிட்டு, கூட்டத்துக்குள் புகுந்து கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். சூட்கேஸ் இருந்தது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"எதுக்கும்மா எல்லாரும் வந்துருக்காவ? என்ன விசேஷம்?"

செல்வி கை நிறைய மீன் வாசத்தோடு அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லட்டி. நான் எங்கயும் போவல, அதான் விசேஷம்."

பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தாள், பொய்யில்லை என்று தெரிந்ததும் புத்தகப் பையைக் கழற்றி எறிந்தாள்.

"அப்போ எனக்கு ரெண்டு மீனு," என்றாள்.